மிகவும் பயமுறுத்திய பேய்ப்படம் எது? குறையுள்ள பேயா, காரணமில்லாத பேயா?

கோபி ஆசிரியை:

மிகவும் பயமுறுத்திய படம் எது என்ற பேச்சு வந்தாலே, சாத்தான் பிடித்த ஒரு சிறுமியின் கதையாக 1973இல் வெளியான 'தி எக்சார்சிஸ்ட்' படத்தைத்தான் பலரும் யோசிக்காமல் சொல்கிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. என் தேர்வு, விக்ரம் குமார் இயக்கத்தில் மாதவன் நடித்து 2009இல் வந்த 'யாவரும் நலம்'.

ஒரு கூட்டுக் குடும்பம் புது அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவருகிறது. பால் திரிந்துபோகிறது, பூஜை அறையில் சாமி படம் மாட்ட ஆணி இறங்க மறுக்கிறது, எல்லோரையும் ஏற்றிச் செல்லும் லிப்ட் நாயகனை மட்டும் ஏற்றுவதில்லை. புது வீட்டில் பால் காய்ச்சும்போது அது நல்லபடியாகப் பொங்க வேண்டுமே என்று அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்ற எவருக்கும், அந்தத் திரிந்த பால் எவ்வளவு பெரிய அபசகுனம் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பிறகு, பகல் ஒரு மணித் தொடரில் அந்தக் குடும்பத்தின் கதையே ஓடத் தொடங்குகிறது. வீட்டுப் பெண்கள் வேலை முடித்து உட்கார்ந்து பார்க்கும் தொடரைக் கொண்டு, வெட்டவெளிச்சமான நடுப்பகலில் ஒரு படம் பயமுறுத்த முடியும் என்றால், நள்ளிரவையும் சாத்தானையும் துணைக்கு அழைக்கும் படங்களை அதற்கு மேலே வைக்க என்ன காரணம் இருக்கிறது?

பொள்ளாச்சிக்காரன்:

ஆசிரியை அவர்களே, நீங்கள் சொல்லும் காரணம் 'எக்சார்சிஸ்ட்' படத்துக்கும் அப்படியே பொருந்தும். அதுவும் ஒரு வீட்டுக்குள் நடக்கும் கதைதான். மகளுக்கு என்ன நோய் என்று தெரியாத ஒரு தாய், மருத்துவர் மாற்றி மருத்துவராக அலைகிறாள். அந்தச் சிறுமியைப் படுக்க வைத்துக் கழுத்தில் ஊசி ஏற்றுகிறார்கள்; ரத்தம் பீறிடுகிறது; எக்ஸ்-ரே படம் எடுக்கும் இயந்திரம் தடதடவென்று அடித்துக்கொள்கிறது. அந்தக் காட்சியில் சாத்தான் கிடையாது, தலை திரும்புவது கிடையாது, பச்சை வாந்தியும் கிடையாது. ஆயினும், படத்திலேயே தாங்க முடியாத காட்சி அதுதான் என்று சொன்னவர்கள் ஏராளம். மருத்துவமனை வராந்தாவில் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்த பெற்றோர் எல்லோருக்கும் அந்த இயந்திரச் சத்தம் புரியும்.

சாத்தான் வரும் காட்சிகளிலும் உழைப்பைப் பாருங்கள். நடிகர்களின் மூச்சு புகையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின் படுக்கையறை அரங்கையே குளிரூட்டி உறைய வைத்தார். சிறுமியாக நடித்த லிண்டா பிளேரின் வாயிலிருந்து வரும் அந்தக் கரகரத்த குரல் மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்ற மூத்த நடிகை கொடுத்தது. ஒலிக்காக அந்தப் படம் ஆஸ்கர் வாங்கியதில் வியப்பில்லை.

அந்தியூர் உடுக்கை:

பொள்ளாச்சி அண்ணா சொல்லும் உழைப்பை மதிக்கிறேன். இருந்தாலும் அந்தப் படம் என்னைப் பயமுறுத்தவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. நம் பக்கத்துக் கிராமங்களில் ஒருவருக்குப் பேய் பிடித்தால், உடுக்கை அடித்துப் பாடி, 'நீ யார், எந்த இடத்தில் பிடித்தாய், உனக்கு என்ன வேண்டும்' என்று கேட்பார்கள். அதுவும் பதில் சொல்லும். இட்டேரியில், அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் தோட்டப் பாதையில், தனியாக வந்தபோது பிடித்தேன் என்றோ, கிணற்று மேட்டில் பிடித்தேன் என்றோ சொல்லிவிட்டுத் தன் குறையையும் சொல்லும். நம் பேய்க்கு ஒரு வாழ்க்கை இருந்தது, அதில் ஓர் அநியாயம் நடந்தது, அது தீராமல் நிற்கிறது.

அதனால்தான் அறிவழகன் இயக்கிய 'ஈரம்' (2009) எனக்கு முதல் இடத்தில் நிற்கிறது. அநியாயமாகச் செத்துப்போன ஒரு பெண் தண்ணீரின் வழியாகத் திரும்பி வருகிறாள். பேய் முகத்தை முழுசாகக் காட்டி அலற வைக்கும் வேலையைப் படம் பெரிதாக நம்பவில்லை. மனோஜ் பரமஹம்சாவின் ஒளிப்பதிவில் தரையில் பரவும் ஈரமும் சொட்டும் நீரும் போதுமானவையாக இருக்கின்றன. மழைக்கும் குழாய்த் தண்ணீருக்கும் ஏங்கிக் கிடக்கும் ஊர்க்காரனாகிய எனக்கு, தண்ணீரைக் கண்டு பயம் வந்ததே பெரிய அதிர்ச்சி. குறை எதுவும் இல்லாமல் வெறும் தீமையாக வந்து நிற்கும் சாத்தானிடம் எனக்கு என்ன உறவு இருக்கிறது, பயப்படுவதற்கு?

பொள்ளாச்சிக்காரன்:

தம்பி, நீங்கள் சொன்னதைக் கொண்டே பதில் சொல்கிறேன். குறை கேட்டுத் தீர்த்து வைக்கலாம் என்றால், அந்தப் பேயோடு பேச்சுவார்த்தைக்கு இடம் இருக்கிறது என்றுதானே பொருள்? 'ஈரம்' படத்தில் கொலைக்குக் காரணமானவர்கள்தான் சாகிறார்கள். தப்பு செய்யாதவன் இரவு நிம்மதியாகத் தூங்கலாம். நியாயம் கிடைக்கும்போது நமக்குப் பரிவும் திருப்தியும்தான் வருகின்றன. பயம் அங்கேயே வடிந்துவிடுகிறது. எந்தத் தப்பும் செய்யாத ஒரு சிறுமியை ஏன் பிடித்தது என்று கடைசி வரையில் தெளிவாகச் சொல்லாத படத்தில், அந்த வடிகால் கிடையாது.

ஈரோடு இரண்டாம் ஆட்டம்:

'சந்திரமுகி' (2005), 'முனி' (2007), 'காஞ்சனா' (2011) என்று பேயையும் சிரிப்பையும் ஒரே இலையில் பரிமாறத் தொடங்கிய பிறகு, தமிழ்ப் பேய்ப்படத்தைப் பார்த்துப் பயந்தேன் என்று சொல்வதே கடினமாகிவிட்டது. அவை ஓடியதை நான் குறை சொல்லவில்லை. இந்தப் பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை என்பதே என் கருத்து.

பல்லடம் தறிக்காரர்:

எல்லோரும் கதையைப் பற்றியே பேசுகிறீர்கள். பயம் முதலில் காதின் வழியாக வருகிறது என்பதை யாராவது எடுத்துப் பேச வேண்டும். 1942இல் ஜாக் டூர்னர் இயக்கிய 'கேட் பீப்பிள்' படத்தில், ஒரு பெண் இரவில் தனியாக நடந்து போகிறாள். பின்னால் வரும் காலடிச் சத்தம் திடீரென்று நின்றுவிடுகிறது. நாம் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும்போது சீறிக்கொண்டு வந்து நிற்பது ஒரு பேருந்து. இன்றைக்கு எல்லாப் படங்களிலும் வரும் திடுக்கிடல்களுக்கு அதுதான் முன்னோடி. ஆனால் பலரும் அந்தச் சீறலை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு முன் வரும் அமைதியை விட்டுவிட்டார்கள். விசைத்தறி ஓடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: தறி ஓடும் வரையில் அயர்ந்து தூங்குவோம், மின்சாரம் போய்ச் சத்தம் நின்ற நொடியில் எழுந்து உட்காருவோம்.

அந்த அமைதியைச் சரியாகக் கையாண்ட தமிழ்ப் படம் கார்த்திக் சுப்பராஜின் 'பீட்சா' (2012). பூட்டிய பங்களாவுக்குள் விஜய் சேதுபதி கையில் ஒரு டார்ச் விளக்கு மட்டும் இருக்கிறது. வெளிச்சம் விழும் வட்டத்துக்கு வெளியே என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. முழுத் திரையும் இருட்டாகக் கிடக்க, ஒரு சின்ன வட்டத்தை மட்டும் நம்பி அரங்கமே உட்கார்ந்திருந்தது.

தாராபுரம் இளையவள்:

அண்ணா, அந்தப் பங்களாக் கதையே நாயகன் கட்டிச் சொன்னது என்று பிற்பாதியில் தெரிந்துவிடுகிறதே? முடிவில் மறுபடியும் கதவு பூட்டிக்கொள்கிறது என்றாலும், இரண்டாம் முறை பார்க்கும்போது டார்ச் காட்சியில் எனக்குப் பழைய பயம் வரவில்லை. ஒருமுறைக்கு மேல் தாங்காத பயத்தை மிகப் பெரிய பயம் என்று எப்படிச் சொல்வது?

என் தேர்வு, ஹிதேயோ நகாதா இயக்கிய ஜப்பானியப் படமான 'ரிங்கு' (1998). ஒரு வீடியோ நாடாவைப் பார்ப்பவர்கள் ஏழு நாளில் சாகிறார்கள். பொள்ளாச்சி அண்ணாவுக்கும் அந்தியூர் அண்ணாவுக்கும் நடக்கும் வழக்கில், இந்தப் படம் இருவர் கட்சியிலும் நிற்கிறது. அந்த நாடாவுக்குப் பின்னால் இருக்கும் பேயான சடாகோவுக்குக் குறை உண்டு. அவளை அடித்துக் கிணற்றில் தள்ளியிருக்கிறார்கள். கதாநாயகி அந்தக் கிணற்றில் இறங்கி, நீரைத் துழாவி, எலும்பைக் கண்டெடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள். குறை தீர்ந்தது, சாபம் விலகியது என்று நாமும் பெருமூச்சு விடுகிறோம். அடுத்த நாள் சடாகோ தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து ஊர்ந்து வெளியே வருகிறாள். குறையைக் கேட்டும் தீர்த்தும் அடங்காத பேய் அது. நடிகையைப் பின்னோக்கி நடக்க வைத்துப் படமெடுத்து, அதைப் பின்னிருந்து முன்னாக ஓட்டியிருக்கிறார்கள். அந்த நடையில் ஏதோ ஒன்று மனித உடம்புக்கு ஒவ்வாமல் இருப்பதை நம் கண் உடனே கண்டுகொள்கிறது. தோட்டத்துக்குத் தோட்டம் ஆழக் கிணறு வெட்டி வைத்திருக்கும் நம் பக்கத்தில், அதன் விளிம்பில் ஒரு கை தெரியும் காட்சியை யாராலும் எளிதாகக் கடந்துவிட முடியாது.

அந்தியூர் உடுக்கை:

அம்மணி, எலும்பை எடுத்த பிறகும் அடங்காத பேயை நம் பூசாரிகள் யாரும் ஏற்க மாட்டார்கள். அதனாலேயே அது பயமாக இருக்கிறது என்றால் மறுக்க மாட்டேன். ஆனால் அவளுக்கு நடந்த அநியாயம் தெரியாமல் இருந்திருந்தால், அந்தக் கிணற்றுக் காட்சியில் நம் மனம் அவள் பக்கம் சாய்ந்திருக்குமா? சாய்ந்த மனத்தை ஏமாற்றியதால்தான் அடுத்த காட்சிக்கு அவ்வளவு வலு. என் கட்சியை நான் இன்னும் விடவில்லை.

கோபி ஆசிரியை:

இளையவள் வைத்த இரண்டாம் முறை என்ற அளவுகோலை நானும் ஏற்கிறேன். 'யாவரும் நலம்' பிற்பாதியில் பழைய கொலை வழக்கு ஒன்றின் விசாரணையாக மாறுகிறது என்பதும், அங்கே வேகம் கூடிப் பயம் சற்றுக் குறைகிறது என்பதும் உண்மைதான். ஆயினும், கொலைக்குக் காரணம் தெரிந்து எல்லாம் முடிந்த பிறகு, அதே லிப்டுக்குள் நாயகனின் கைபேசி ஒலிக்கிறது. தொலைக்காட்சியில் இருந்தது இப்போது கைக்கே வந்துவிட்டது. படம் தெரிந்தவர்களுக்கு, இரண்டாம் முறை பார்க்கும்போது முதல் காட்சியிலிருந்தே வீட்டில் உள்ள ஒவ்வொரு பொருள்மீதும் சந்தேகம் வந்துவிடுகிறது. 'ரிங்கு' பார்த்தவர் அந்த நாடாவைத் தொடாமல் இருந்துகொள்ளலாம். பாலையும் பூஜை அறையையும் கைபேசியையும் தொடாமல் நம்மில் யார் வாழ முடியும்? என் வாக்கு 'யாவரும் நலம்' படத்துக்கே.