மறுமொழி: ரெஸ்டோர், ரெக்கவரி இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

அன்புடையீர்,

ரெஸ்டோர், ரெக்கவரி என்ற இரண்டு ஆங்கிலக் கணினிச் சொற்களுக்கும் தமிழில் 'மீட்டெடுப்பு' என்றே வைத்துக்கொள்ளலாம், இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்று நம் சொற்பட்டியலுக்கான இந்த இழையில் ஒரு கருத்து வந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. டேட்டாபேஸ் வேலையில் இவை அடுத்தடுத்து வரும் இரு வேறு படிகள்: பேக்கப்பிலிருந்து தரவைக் கொண்டுவருவது ரெஸ்டோர், அதன்பின் டேட்டாபேஸ் சீராகிப் பயன்பாட்டுக்குத் திறப்பது ரெக்கவரி.

நிறுவனத்தின் திட்டப்பணிகளை ஒரே இடத்தில் வைத்து நிர்வகிக்கும் மைக்ரோசாப்ட் பிராஜெக்ட் சர்வர் 2010-ஐ எடுத்துக்கொள்வோம். ஒரு திட்டப்பணியை யாரோ தவறுதலாக அழித்துவிடுகிறார்கள். 'ஃபைல் போச்சு' என்று தகவல் வரும். உண்மையில் சர்வரில் அப்படி ஒரு ஃபைலே கிடையாது. பணிகள், ஆட்கள், யாருக்கு எந்தப் பணி என்ற ஒதுக்கீடு எல்லாம் டேபிள்களில் பிரிந்து கிடக்கின்றன. அதுவும் வரைவு, வெளியீடு, காப்பகம், அறிக்கை என நான்கு டேட்டாபேஸ்களில். (2013 பதிப்பில் நான்கையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.)

காப்பகத்தில் பிரதி இருந்தால் நிர்வாகத் திரையிலிருந்தே கொண்டுவரலாம். அது வரைவில் வந்து சேரும், அப்புறம் வெளியிட வேண்டும், அவ்வளவுதான். காப்பகத்திலும் இல்லையென்றால், இந்த டேட்டாபேஸ்களை இயக்கும் எஸ்கியூஎல் சர்வரின் பேக்கப்தான் கதி. நடப்பு சர்வரைத் தொடாமல், தனியாக ஒரு சோதனை சர்வரில் முழு பேக்கப்பை ரெஸ்டோர் செய்து, 'நோரெக்கவரி' நிலையில், அதாவது ரெக்கவரியை இன்னும் ஓடவிடாமல், நிறுத்துவார்கள். பிறகு லாக் பேக்கப்புகளை (டேட்டாபேஸில் நடந்த மாற்றங்களின் பதிவுகளை) வரிசையாக ஏற்றி, அழிப்பு நடந்த நேரத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துவார்கள். கடைசியில்தான் ரெக்கவரி. பாதியில் நின்ற பரிவர்த்தனைகளை எஞ்சினே நீக்கி, டேட்டாபேஸை முரணில்லாத நிலைக்குக் கொண்டுவந்து திறந்துவிடும். இந்த வரிசையில் ரெக்கவரியை முன்னதாகவே ஓடவிட்டால், அடுத்த லாகை ஏற்ற முடியாது. முழு பேக்கப்பிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

இப்போது 'நோரெக்கவரியோடு ரெஸ்டோர் செய்' என்ற அந்தக் கட்டளையை ஒரே சொல்லை வைத்து எழுதிப் பாருங்கள்: 'மீட்டெடுப்பு இல்லாமல் மீட்டெடு.' ராத்திரி இரண்டு மணிக்குக் கையேட்டைப் பார்த்து வேலை செய்பவர் இதை என்னவென்று புரிந்துகொள்வார்?

என் பரிந்துரை: ரெஸ்டோருக்கு மீட்பு, ரெக்கவரிக்கு மீட்சி.

அடகு வைத்த நகையை மீட்கிறோம் என்கிறோம். வைத்ததைத்தான் மீட்க முடியும். பேக்கப்பிலிருந்து கொண்டுவருவதும் அதேதான். ஆள் செய்யும் வேலை, பிறவினை. மீட்சி என்பது 'மீள்' என்ற தன்வினையிலிருந்து வருவது. டேட்டாபேஸ் தானாக நல்ல நிலைக்கு மீள்கிறது. எனவே கட்டளை 'மீட்சியின்றி மீட்க' என்றாகும். பொருள் கலங்கவில்லை.

இரண்டும் ஒலியில் நெருக்கமாக இருக்கின்றன, குழப்பும் என்ற மறுப்பு வரலாம். வளர்ச்சி, வளர்ப்பு இரண்டையும் நாம் குழப்பிக்கொள்வதில்லையே. குழந்தை வளர்ச்சி வேறு, குழந்தை வளர்ப்பு வேறு என்பது யாரும் சொல்லாமலே தெரிகிறது. 'மீட்டமை'யை இதில் சேர்க்க வேண்டாம். கடவுச்சொல் திரைகளில் அது ரீசெட்டுக்குப் போய்விட்டது.

அழிந்த திட்டத்தைப் பெற, காப்பகம், பேக்கப் தவிர மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. சர்வரில் போய்விட்ட திட்டம், மேலாளரின் கணினியில், சர்வரோடு இணையும் பிராஜெக்ட் புரொபஷனல் மென்பொருளின் கேஷில் (அது தன்னிடம் வைத்துக்கொள்ளும் தற்காலிகப் பிரதியில்) இன்னும் இருக்கலாம். நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டு ஆஃப்லைனில் திறந்து, எம்பிபி (பிராஜெக்ட் மென்பொருளின் ஃபைல் வகை) ஃபைலாகச் சேமித்துக்கொள்ளலாம். பேக்கப்பைவிட முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்பேன். ஆனால் இதை மீட்பு என்று எழுதக் கூடாது, இங்கே யாரும் எதையும் எடுத்துவைக்கவில்லை. 'கேஷிலிருந்து தேடி எடுத்தல்' என்று வினையாகவே எழுதலாம். இதற்கெல்லாம் தனிக் கலைச்சொல் தேவையில்லை.

மேலே சொன்னபடி குறிப்பிட்ட நேரம் வரை கொண்டுவந்து நிறுத்தும் பாயின்ட் இன் டைம் ரெஸ்டோருக்கு 'நேரப்புள்ளி மீட்பு' என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். 'குறித்த நேர மீட்பு' எனக்கு இயல்பாகப் படுகிறது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் மீட்பு, மீட்சி, குறித்த நேர மீட்பு மூன்றையும் இந்தப் பொருளிலேயே சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.