மறு: பியர் ரிவ்யூவுக்குத் தமிழ்ல என்ன சொல்ல?

அண்ணா வணக்கம்,

பியர் ரிவ்யூவுக்கு, அதாவது கூடப் படிக்கிறவங்க எழுதினதை ஒருத்தருக்கொருத்தர் வாசிச்சுக் கருத்து சொல்றதுக்கு, நீங்க அனுப்பின சொல் பட்டியல் பாத்தேன். சக மதிப்பாய்வு, ஒப்பார் திறனாய்வு, தோழமை மதிப்பீடு. மூணும் ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு சரிதான், யாங்கோன்ல கோயில் மண்டபத்துல ஞாயித்துக்கிழமை பாய் விரிச்சு உக்காந்திருக்கிற 12 வயசுப் புள்ளைக்கு ஆகாது.

போன மாசம் வர்ணனைக் கட்டுரை எழுதச் சொல்லி நோட்டை மாத்திக் குடுத்து மதிப்பீடு பண்ணுங்கன்னேன், உடனே "சயாமா (பர்மியத்துல டீச்சர்), பத்துக்கா இருபதுக்கா?"ன்னு கேட்டு எல்லாம் எட்டு ஒம்பதுன்னு போட்டு ர, ற மட்டும் வட்டம் போட்டு கீழ நன்றுன்னு எழுதி முடிச்சிட்டாங்க. இங்க அனாடேன்னு ஒண்ணு இருக்குல்ல, அடுத்தவங்க மனசு சங்கடப்படுமேன்னு வாயை மூடிக்கிறது, பர்மாக்காரங்க பழக்கம், நம்ம புள்ளைங்களுக்கும் நல்லாவே ஒட்டிக்கிச்சு. மதிப்புன்னு சொல்லு வந்தா ஒண்ணு மார்க்கு, இல்ல அனாடே.

அடுத்த வாரம் அந்த வார்த்தையையே எடுக்கல. வாசிங்க, கண்ணுக்கு என்ன தெரிஞ்சுதுன்னு சொல்லுங்க, தெரியாத எடத்துல கேளுங்க, அவ்ளோதான். ஒரு பையன் மொஹிங்கா, அதான் மீன் குழம்பு ஊத்தின நூடுல்ஸ், விக்கிற கடையப் பத்தி "மணம் மூக்கைத் துளைக்கும், சுவையோ அமிர்தம்"னு எழுதியிருந்தான், மனப்பாட வரி. பக்கத்துல இருந்தவ "எனக்குக் கடையே தெரியலயே, என்ன மணம், மீனா பூண்டா?"ன்னுட்டா. கொஞ்ச நேரம் முழிச்சான். திருப்பி எழுதினப்போ வறுத்த பூண்டு வாசம் தெருமுனையிலயே வந்துருச்சு, கடைக்கார அக்கா பருப்பு வடையைக் கிண்ணத்துக்கு மேலயே கத்திரிக்கோலால வெட்டிப் போட்டாங்க, வாழைத்தண்டு பல்லுல நறுக்குன்னுச்சு. ற ரெண்டு எடத்துல தப்பு, இருந்துட்டுப் போகட்டும்.

நன்னூல்ல ஒரு நூலுக்குப் பாயிரம், அதாவது முன்னுரை, யார் யார் எழுதலாம்னு சொல்றப்ப ஆசிரியன், மாணாக்கன், உரைகாரனோட "தன்னொடு கற்றோன்"னும் வருதே, பியர்னா அவன்தானே? தொல்காப்பியத்துக்குப் பாயிரம் சொன்ன பனம்பாரனாரையும் தொல்காப்பியரோட ஒருசாலை மாணாக்கர்னுதான் சொல்றாங்க. அதனால ஆளுக்கு உடன்கற்றோர், வேலைக்கு உடன்வாசிப்பு. திருத்தி எழுதறதுக்கு மறுவரைவு போதும், அதுல சண்டை வேணாம்.

---

தங்கச்சி, உடன்கற்றோர் அருமை. ஆனா உடன்வாசிப்புன்னா ரெண்டு பேரும் ஒரே புத்தகத்தைச் சேந்து படிக்கிறதுன்னு நெனச்சுக்குவாங்க. உன் கதையில வேலை செஞ்சது வாசிப்பு இல்ல, அந்தப் புள்ள கேட்ட கேள்வி. உடன்வினவல்?

---

அண்ணா, பகல் பூரா பர்மிய ஸ்கூல்ல இருந்துட்டு வாரத்துக்கு ஒருநாள் தமிழ் படிக்க வர்ற புள்ளைகிட்ட போய் வினவல்னா அதுக்கு ஒரு அகராதி வாங்கணும். 1960கள்ல பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கிட்ட பிறகு எங்களுக்கு மிஞ்சினது இந்த மாதிரி கோயில் வகுப்புதான, பேச்சுல இருக்கிற சொல்லாத்தான் வேணும். ஆனா நீங்க கேள்வின்னதும் ஒண்ணு தட்டுச்சு. குறள்ல கேள்வின்னு ஒரு அதிகாரமே இருக்கு, அங்க அது காது குடுத்துக் கேக்கறது. நம்ம பேச்சுல வினா. ரெண்டும் இந்த வேலைக்கு வேணும், எழுதினவன் சத்தமா வாசிக்கட்டும், இவ காதால கேக்கட்டும், பெறகு வாயால கேக்கட்டும். உடன்கேள்வி. எப்படி?

---

சொல் நல்லாருக்கு, பொருள் ரெண்டுபட்டு நிக்குதேன்னு கலைச்சொல் குழுவுல திட்டுவாங்க. திட்டட்டும்.

---

சரிண்ணா, வர்ற ஞாயித்துக்கிழமை உடன்வாசிப்பு, உடன்கேள்வி ரெண்டையும் போர்டுல எழுதிப் போடறேன். எது அதுங்க வாயில நிக்குதுன்னு பாத்துட்டு எழுதறேன்.