தமிழ் கட்டம் கட்டமாக வருகிறது, அவசரம்

தங்கச்சிமடம் ஏலக்கடை: கணக்கு சாஃப்ட்வேரில் மீன் பேரெல்லாம் கட்டமாகத் தெரிகிறது. ஜூன் 14 மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகு கடலுக்குப் போவதற்குள் பழைய பாக்கியை முடிக்கணும். யாராவது சொல்லுங்கள்.

பாம்பன் பையன்: என்ன விண்டோஸ் அண்ணே? எல்லா இடத்திலும் கட்டமா, அந்த சாஃப்ட்வேரில் மட்டுமா?

மண்டபம் 63: உப்புக்காற்றில் மதர்போர்டு அரித்திருக்கும். திறந்து துடையுங்கள்.

கீழக்கரை காக்கா: போர்டு போனால் தமிழ் மட்டும் போகாது. லதா என்ற தமிழ் எழுத்துரு இல்லை. வேறு கணினியிலிருந்து எடுத்து ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போடுங்கள்.

தங்கச்சிமடம் ஏலக்கடை: எக்ஸ்பி. லதா போட்டேன், கட்டம் போய்விட்டது. ஆனால் நெத்திலியில் கொம்பு ந-வுக்குப் பின்னால் நிற்கிறது.

பழைய கை: நூறு தடவை எழுதிவிட்டேன், யாரும் தேடிப் பார்ப்பதில்லை. எழுத்துரு மட்டும் போதாது தம்பி. கொம்பை முன்னால் தூக்கி வைப்பது விண்டோஸின் யூனிஸ்கிரைப் என்ற பகுதி. எக்ஸ்பியில் அதை இந்திய மொழிகளுக்கு நாம்தான் இயக்கணும். கண்ட்ரோல் பேனல், ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ், லாங்குவேஜஸ். கீழே இரண்டு பெட்டி இருக்கும்; மேலே உள்ளதில் டிக் போடு. சிடி கேட்கும், ஐ386 ஃபோல்டரைக் காட்டு. அப்புறம் ரீஸ்டார்ட்.

மண்டபம் 63: இதற்குத்தான் பாமினி எழுத்துருவில் அடிக்கச் சொல்வது. சிடியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

கீழக்கரை காக்கா: பாமினி கோப்பில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் நம் கணக்கு குப்பையாகத் தெரியும். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடுக்கு, அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுமுறைக்கு, மாறச் சொல்லிவிட்டது.

மண்டபம் 63: என் கடையில் பதினைந்து வருடக் கணக்கு பாமினியில்தான். ஒரு வரி கெடவில்லை.

பாம்பன் பையன்: அதை மாற்றிக்கொடுக்கக் கன்வெர்ட்டர் இருக்கிறது. சண்டை வேண்டாம், அவர் வேலை முடியட்டும்.

தங்கச்சிமடம் ஏலக்கடை: திரையில் சரியாகிவிட்டது, நன்றி. பில்லில் மட்டும் பேருக்குப் பதில் ???? வருகிறது. நான்-யூனிகோட் சாஃப்ட்வேருக்கான மொழியைத் தமிழாக்கினால் போதுமா?

பழைய கை: போதாது. யூனிகோட் அறியாத சாஃப்ட்வேர் பயன்படுத்தும் கோட்பேஜ் (எழுத்து எண் பட்டியல்) விண்டோஸில் தமிழுக்குக் கிடையாது, அங்கே தமிழ் யூனிகோடில் மட்டும்தான். கேள்விக்குறி வந்தால் பில் அடிக்கும் பகுதி யூனிகோட் அறியாதது, எழுதியவர்தான் திருத்தணும். அதுவரை எக்செலில் ஒட்டி அடி. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு அப்டேட் நின்றுவிட்டது, நெட்டைப் பிடுங்கி வை.

பாம்பன் பையன்: எக்செலில் வந்ததா அண்ணே?

தங்கச்சிமடம் ஏலக்கடை: வந்தது.