புதுப்பிப்பு: படத்தின் ஓரத்தில் நிற்பவர் யாரென்று தெரிந்துவிட்டது

மலேயாத் தோட்டத்தில் எடுத்த எங்கள் குடும்பப் படத்தில், வலது ஓரத்தில் நிற்கும் இளைஞர் யாரென்று கேட்டு எழுதியிருந்தேன். பெரிய அத்தை பார்த்ததுமே சொல்லிவிட்டார்: தாத்தாவின் தம்பி. இரண்டாம் உலகப் போரின்போது சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்களாம், திரும்பவே இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சட்டை தொளதொளவென்று தோளிலிருந்து இறங்கிக் கிடக்கிறது. படத்துக்காக யாரிடமோ இரவல் வாங்கியிருக்க வேண்டும்.

1943 அக்டோபரில் இணைந்த அந்த 415 கிலோமீட்டர் பாதையில் காலராவிலும் பட்டினியிலும் மாண்ட தமிழர்கள் பல்லாயிரம். அந்தப் பாதையோரத் தாய்லாந்து ஊரான காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவர்களில் பெரும்பாலோருக்குத் தனிக் குழிகூட இல்லை. இது எனக்கு ஆறவே இல்லை.

படத்தின் பின்புறம் பென்சிலால் அவர் பெயரை எழுதிவிட்டேன் (பேனா மை ஊறிவிடும்). உங்கள் வீட்டிலும் மலேயாப் படம் இருந்தால், பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.