ஏழு பிட்சர், ஐந்து இடம்: நீங்கள் நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

பேஸ்பால் அணியில் இடத்தைவிடப் பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) அதிகமாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தோம். வந்த பதில்களில் மூன்று இங்கே.

பாஸ்டனிலிருந்து

2006 மார்ச்சில் எங்கள் ஊர் அணியான ரெட் சாக்ஸிடம் ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கி நீண்ட நேரம் வீசுபவர்) என்று சொல்லத்தக்க பிட்சர்கள் ஏழு பேர் இருந்தார்கள். ஷில்லிங், பெக்கெட், வேக்ஃபீல்ட், வெல்ஸ், கிளெமென்ட், அரோயோ, அப்புறம் இளைஞர் பாபெல்பான். ஸ்டார்ட்டர்கள் முறை வைத்து வீசும் ரொட்டேஷனில் இருப்பதோ ஐந்து இடம். ஒரு நாள் நூறு பந்து வீசிய கைக்கு நாலைந்து நாள் ஓய்வு வேண்டும் என்பதால்தான் அந்த ஐந்து. மிச்சம் இரண்டு பேரை என்ன செய்வது என்று ஆபீஸில் மதியச் சாப்பாடு ஆறிப்போகும்வரை பேசுவோம். நான் அந்த ஊருக்குப் போய் மூன்றாவது வருஷம். ஆட்டம் பிடிபட்டு, அதிலேயே ஊறிக் கிடந்த காலம்.

மார்ச் 20 அன்று அரோயோவை சின்சினாட்டிக்குக் கொடுத்துவிட்டு வில்லி மோ பேன்யா என்ற அவுட்ஃபீல்டரை (மைதானத்தின் வெளிப்பகுதியில் ஃபீல்டிங் செய்பவர்) வாங்கினார்கள். எனக்கு இன்றுவரை மனசு ஆறாத விஷயம் இது. பாஸ்டனிலேயே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, வெளியே கிடைக்கக்கூடியதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு அந்த ஜனவரியில்தான் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் அரோயோ கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தக் குறைந்த சம்பளத்தாலேயே அவரைக் கைமாற்றுவது சுலபமாகிவிட்டது. அன்று நானும் "நல்ல பேரம்" என்றுதான் சொன்னேன். அடிக்க ஆள் வேண்டும், வீசத்தான் ஆள் கொட்டிக் கிடக்கிறதே என்று கணக்குப் போட்டேன்.

அப்புறம் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். வெல்ஸுக்கு முழங்கால். கிளெமென்ட்டுக்குத் தோள், ஜூனுக்குப் பிறகு அவர் உச்சநிலையான மேஜர் லீக் ஆட்டத்தில் ஒரு பந்துகூட வீசவில்லை. ஜூலையில் வேக்ஃபீல்டுக்கு விலா எலும்பு. பாபெல்பானை ஏப்ரல் முதல் வாரத்திலேயே குளோசராக்கிவிட்டார்கள், அதாவது ஆட்டத்தின் கடைசியில் மட்டும் வந்து வீசி முடிப்பவராக. அந்த வேலையில் அவர் அசத்தியதால் அங்கிருந்து எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

ஆகஸ்ட் 18, நியூயார்க் யாங்கீஸ் அணியுடன் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். ஜூனில் கிளீவ்லாந்திலிருந்து வந்த ஜேசன் ஜான்சன் வீசிய முதல் ஆட்டத்தை 12-4 என்று தோற்றிருந்தார்கள். எனக்கு இரவு ஆட்டத்துக்குத்தான் டிக்கெட் கிடைத்தது, பிளீச்சர்ஸ் என்ற திறந்த இருக்கைகளில், அடுத்து வீசப்போகும் பிட்சர்கள் வார்ம்-அப் செய்யும் புல்பென்னுக்கு மேலே. அங்கே உட்கார்ந்தால் கேட்சரின் கையுறையில் பந்து விழும் சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்கும். அன்று அந்தச் சத்தம் ஓயவே இல்லை. போன் அடிக்கும், ஒருவர் எழுந்து ஜாக்கெட்டைக் கழற்றுவார், பத்துப் பந்து வீசுவார், கதவு திறக்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடி போன். நாலே முக்கால் மணி நேரம் ஆடி 14-11 என்று அதையும் தோற்றார்கள். அந்தத் தொடரில் ஐந்து ஆட்டம், ஐந்தும் போச்சு. அன்றிரவு ஆட்டத்தைத் தொடங்கிய லெஸ்டருக்கு வயசு 22. இரண்டே வாரத்தில் அவருக்குப் புற்றுநோய் என்று செய்தி வந்தது. (அடுத்த வருஷமே மீண்டு வந்து சீசனின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தை வென்று கொடுத்தார். அந்த ராத்திரி நான் அழுதேன்.)

தேவையில்லை என்று அனுப்பப்பட்ட அரோயோ அந்த வருஷம் சின்சினாட்டிக்காக 240 இன்னிங்ஸுக்கு மேல் (மூன்று அவுட் ஆனால் ஓர் இன்னிங்ஸ்) வீசினார். சின்சினாட்டி ஆடும் நேஷனல் லீகில் வேறு யாரும் அவ்வளவு வீசவில்லை.

நியூ ஜெர்சியிலிருந்து

எங்களுடையது சின்ன அணி. 11, 12 வயசுப் பிள்ளைகள் ஆடும் லிட்டில் லீக், நான் தன்னார்வக் கோச். பன்னிரண்டு பிள்ளைகளில் ஏழு பேருக்குப் பிட்ச் பண்ணத் தெரியும். என் மகனும் அதில் ஒருவன்.

இந்த வயசுக்கு ஒரு நாளைக்கு 85 பந்துதான் உச்சவரம்பு. 66 பந்தைத் தொட்டால் நாலு நாள் ஓய்வு கட்டாயம். பந்துக்கு ஒரு கோடு என்று நோட்டில் போட்டுக்கொண்டே வருவேன். எங்களுக்கு ஆட்டம் சனியும் புதனும். நான் செய்த தவறு என்னவென்றால், நன்றாக வீசும் இரண்டு பேரையே மாற்றி மாற்றி இறக்கினேன், மற்ற ஐந்து பேரை அவுட்ஃபீல்டில் நிறுத்தினேன். மே மாதம் ஒரு சனிக்கிழமை முதல் பையன் 70 பந்து போட்டுவிட்டான். வியாழன்வரை அவனைத் தொட முடியாது. புதன்கிழமை காலையில் இரண்டாவது பையனின் அம்மா போன் செய்தார், பிள்ளைக்கு முழங்கை வலி என்று. சரி, வேறு ஆள் இருக்கிறார்களே என்று மூன்றாவது பையனை அனுப்பினேன். அவன் மூன்று வாரமாக மவுண்டில் (பிட்சர் நின்று வீசும் மேட்டில்) ஏறவே இல்லை. வரிசையாக ஐந்து பேருக்கு வாக் கொடுத்தான், அதாவது பந்து சரியான இடத்துக்குப் போகாததால் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகவிட்டான். நான் போய்ப் பந்தை வாங்கியபோது என் முகத்தைப் பார்க்காமல் ஷூவால் மண்ணைத் தேய்த்துக்கொண்டே நின்றான். அது அவன் குற்றமே இல்லை.

வீட்டுக்கு வரும்போது காரில் என் மகன் கேட்டான்: "அப்பா, நானும் நல்லாத்தானே போடறேன்? என் டர்ன் எப்பன்னு கூட நீங்க சொல்ல மாட்டேங்கறீங்களே?" இடம் கிடைக்காததைவிட, எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதுதான் அவனை வாட்டியிருக்கிறது. அதன்பிறகு ஞாயிறு ராத்திரியே எல்லாப் பெற்றோருக்கும் மெசேஜ் போய்விடும்: இந்த நாள் இவன், இத்தனை பந்து. ஆட்டத்தில் இடமில்லாதவன் பயிற்சியிலாவது பேட்ஸ்மேனை நிற்க வைத்து இருபது பந்து வீசியே ஆகவேண்டும். அந்த ஒரு மெசேஜுக்குப் பிறகு பிள்ளைகளின் முகமே மாறிவிட்டது.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து

2025 அக்டோபரில் எங்கள் ஊர் டாட்ஜர்ஸ் அணிக்கும் இதே நிலைமைதான். ஸ்னெல், யமமோட்டோ, கிளாஸ்னோ, ஒட்டானி என்று சீசன் முடிந்து வரும் பிளேஆஃப் சுற்றுகளுக்கான நாலு ஸ்டார்ட்டர் இடமும் நிரம்பிவிட்டது. கெர்ஷாவுக்கு இடமில்லை. 37 வயசு, 18 வருஷமும் இதே அணி, அந்த சீசனில் மட்டும் 11 வெற்றி. முதல் சுற்றுக்கான பட்டியலில் அவர் பெயரே இல்லை.

உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம், பதினெட்டு இன்னிங்ஸ் போன ஆட்டம். நானும் என் மனைவியும் மேல்தளத்தில் இருந்தோம். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் எதிரணிக்கு இரண்டு அவுட், மூன்று பேஸிலும் அவர்கள் ஆள். புல்பென் கதவு திறந்தது, கெர்ஷா ஓடி வந்தார். ஸ்டேடியமே எழுந்து நின்றது. எட்டாவது பந்தில் மெதுவாக உருண்டு வந்ததை டாட்ஜர்ஸின் எட்மன் கையுறையாலேயே தள்ளிவிட, முதல் பேஸில் அவுட். ஒரே ஒரு பேட்டர்தான். பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர், முன்பின் தெரியாதவர், என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எதிரணியின் ஊரான டொராண்டோவில், கோப்பையைத் தீர்மானித்த ஏழாவது ஆட்டத்தில் ஒட்டானி, கிளாஸ்னோ, ஸ்னெல், யமமோட்டோ நாலு ஸ்டார்ட்டர்களுமே வீசினார்கள். முந்தின நாள்தான் 96 பந்து வீசிய யமமோட்டோ கடைசி அவுட்வரை நின்றார். ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட்டாக்கிய டபுள் பிளே விழுந்து டாட்ஜர்ஸ் ஜெயித்தபோது கெர்ஷா புல்பென்னில் வார்ம்-அப் செய்துகொண்டிருந்தார், அடுத்த பேட்டருக்காக.