பிடித்தது ஒன்று, பிழைப்பு வேறு: இன்னும் உறுத்தும் அந்த ஒரு நிமிடம்

தந்திக்கம்பி:
எனக்குப் பிடித்தது வயலின். விட்ட கதை எல்லோருக்கும் தெரிந்த கதைதான், அதை விடுங்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று வருகைப்பதிவு மெஷினில் மாற்று விரலாக இடது ஆள்காட்டி விரலைக் கேட்டார்கள். பதியவே இல்லை. தந்தியை அழுத்தி அழுத்தி நுனி காய்த்துப்போய் ரேகை மங்கியிருந்தது. துடைத்தோம், ஈரப்படுத்தினோம், கடைசியில் கட்டைவிரலை வைத்துச் சமாளித்தோம். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட. போன வாரம் மெஷினை மாற்றினார்கள். அதே விரலை வைத்தேன், உடனே பச்சை விளக்கு. "சூப்பர் சார், ஃபர்ஸ்ட் டைமே விழுந்துடுச்சு" என்றார் ஹெச்ஆர் பெண். சீட்டுக்கு வந்து நுனியைத் தடவிப் பார்த்தேன். மெத்தென்று இருக்கிறது. வீட்டில் சொன்னால் "நல்லதுதானே" என்பார்கள்.

குறியீட்டுக்காரன்:
டாக்டராக ஆசைப்பட்டு மெடிக்கல் கோடிங்கில் இருப்பவன் நான். நோயாளியைப் பார்த்ததே கிடையாது, டாக்டர் எழுதிய குறிப்பை மட்டும் பார்த்து நோய்க்குக் குறியீடு போடுவேன். விமானத்தில் ஒருவர் மயங்கி விழுந்துவிட்டார். "மருத்துவர் யாராவது இருக்கிறீர்களா?" என்று அறிவிப்பு. என்னை அறியாமல் பாதி எழுந்துவிட்டேன். பக்கத்து சீட்காரர் காலை மடக்கி வழிவிட்டு, "போங்க டாக்டர்" என்றார். அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடியது என்ன தெரியுமா? ஆர்55. மயக்கத்துக்கான குறியீடு. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது! உட்கார்ந்துவிட்டேன். இறங்கும்வரை பக்கத்து சீட்காரர் என்னைப் பார்க்கவும் இல்லை, பேசவும் இல்லை.

மாலைத்தூரிகை:
இருவருக்கும் ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். நான் ஓவியன், பிழைப்பு இன்சூரன்ஸ். ஒருநாள் மீட்டிங்கில் நான் கிறுக்கியதைப் பார்த்து மேனேஜர் "இதுக்கு ஒரு கிராஃப் போடலாமே" என்றார், அவ்வளவுதான் என் கதை. ஆனால் புலம்புவதால் என்ன வரும்? எழுத்தாளர் காஃப்காவைப் பாருங்கள். பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் 1908 முதல் 1922 வரை வேலை, எழுத்தெல்லாம் ராத்திரியில். அமெரிக்க இசையமைப்பாளர் சார்லஸ் ஐவ்ஸும் இன்சூரன்ஸ்காரர்தான், 1947இல் இசைக்காகப் புலிட்சர் பரிசு வாங்கினார். விடியற்காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். போனை வேறு அறையில் வையுங்கள். வார இறுதியை நம்பாதீர்கள், அதைத் தூக்கமும் துணி துவைப்பதும் தின்றுவிடும். சம்பளம் வருவதால்தான் கலையை விற்க வேண்டிய கட்டாயம் இல்லை, அந்தச் சுதந்திரத்தை நினைத்துப் பாருங்கள். வயலின் நண்பரே, விரல் திரும்பக் காய்க்கும். தினமும் எடுங்கள்.

நாலாம்பெஞ்ச்:
மாலைத்தூரிகை, காஃப்காவுக்கு ஆபீஸ் மதியம் இரண்டு மணிக்கு முடிந்துவிடும். அப்புறம் தூங்கி எழுந்து ராத்திரி எழுதினார். அப்படியும் வேலை தன்னைத் தின்கிறது என்றே புலம்பினார். நமக்கு இரண்டு மணிக்குத்தான் அன்றைய இரண்டாவது மீட்டிங். ஐவ்ஸ் தன் இன்சூரன்ஸ் ஏஜென்சியின் பங்குதாரர், லீவு லெட்டர் எழுதும் ஆள் இல்லை. உதாரணம் சொன்னால் ரஷ்யாவின் போரோதினையும் சொல்லுங்கள். வேதியியல் பேராசிரியர், ஞாயிற்றுக்கிழமை இசையமைப்பாளர் என்று தன்னையே சொல்லிக்கொண்டவர். 1869இல் தொடங்கிய ஓபராவை, அதாவது இசைநாடகத்தை, 1887இல் சாகும்வரை முடிக்கவில்லை. நண்பர்கள் இருவர்தான் முடித்துவைத்தார்கள். அப்புறம் இன்னொன்று, ஓவியத்தை விடியற்காலையில் வரையலாம். குறியீட்டுக்காரன் விடியற்காலையில் எழுந்து யாருக்கு ஆபரேஷன் செய்வார்?

எனக்கு வாத்தியார் வேலை மேல் ஆசை, சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு ஒரு பிழை எங்கிருந்து கிளம்புகிறது என்று போர்டில் வரைந்து காட்டினேன். பாதியில் மார்க்கரைப் பிடுங்கி மீதியை அவளே வரைந்து முடித்தாள்! அன்று சாயங்காலம் டைம்ஷீட்டில் அந்த நேரத்தை எதில் போடுவது என்று தெரியவில்லை. 'இதர' என்று போட்டேன். இதர!

மாலைத்தூரிகை:
போரோதின் முடிக்காததைச் சொல்லிப் பயமுறுத்துவதை விட நான் சொன்னது மேல். மற்றபடி டாக்டர் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன்.

தந்திக்கம்பி:
சண்டை இருக்கட்டும். குறியீட்டுக்காரன், விழுந்தவர் என்ன ஆனார்?

குறியீட்டுக்காரன்:
எழுந்துவிட்டார். பின் வரிசையிலிருந்து ஒரு நர்ஸ் வந்தார். படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தார், சட்டைக் காலரைத் தளர்த்தினார், கூட்டத்தை விலக்கினார். கொஞ்ச நேரத்தில் விழுந்தவர் கண் திறந்தார். இந்த மூன்றும் எனக்கும் தெரியும், அதுதான் எரிச்சல். இப்போது முதலுதவிப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். டாக்டர் ஆசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அடுத்த முறை பாதி எழுந்து உட்கார வேண்டாமே என்றுதான்.

மாலைத்தூரிகை:
பார்த்தீர்களா, இதைத்தானே நானும் சொன்னேன்.

நாலாம்பெஞ்ச்:
நீங்கள் சொன்னது போனை வேறு அறையில் வைக்கச் சொல்லி.