அந்தியேட்டிச் சமையலும் நனைஞ்ச விறகும்

(குழு: முள்ளியவளை வீட்டார்)

தேவி அக்கா: அப்புவின்ர அந்தியேட்டிக் கிரியைக்கு இறக்கின விறகு முழுக்க நனைஞ்சு போச்சு. தேத்தண்ணி வைக்கவே அடுப்புப் பத்துதில்லை. கட்டை நுனியால நுரை தள்ளிச் சீறுது. நாளையிண்டைக்கு 200 பேருக்குச் சமையல்!!

குகன்: தறப்பாள் மூடச் சொன்னனான்

தேவி அக்கா: தறப்பாள் உன்ர லான்ட்மாஸ்ரர் உழவு மெசினுக்கு மேல கிடக்கு

கனடா மாமா: காஸில சமைக்கலாம்தானே. காசு நான் போடுறன்

பெரியம்மா: அப்புவின்ர செத்தவீட்டுக்கு வராதவர் காசு போடுறாராம்

சுகி: அம்மா 🙏

சிவம் மாமா: அக்கா, விசா இல்லாமல் அவன் என்ன செய்யிறது. விறகைப் பற்றிச் சொல்லுறன், கேளுங்கோ. விறகில காபனும் ஐதரசனும் பிணைஞ்சு கிடக்கு. அந்தப் பிணைப்பை உடைக்க முதல் சூடு குடுக்கவேணும். பிறகு அதுகள் காத்தில இருக்கிற ஒட்சிசனோட சேர்ந்து காபனீரொட்சைட்டும் நீராவியுமா மாறேக்க, குடுத்ததைவிடக் கனக்கச் சக்தி வெளியால வரும். அதுதான் வெக்கையும் வெளிச்சமும்.

குகன்: மாமா வகுப்புத் தொடங்கிட்டார்

சிவம் மாமா: ஒரு கிலோ கொதிதண்ணியை ஆவியாக்க மட்டும் 2260 கிலோயூல் போகும். ஈர விறகு அந்தச் சூட்டைத் திண்டிடும். அடுப்புச் சூடு ஏறாட்டி விறகால வாற வாயு பத்தாமலே புகையாப் போகும். உங்கட கண்ணை எரிக்கிற புகையில கனக்க, எரியாத விறகுதான்.

தேவி அக்கா: அப்ப என்ன செய்ய?

சிவம் மாமா: தடிச்ச கட்டையளைச் சின்னனாப் பிளவுங்கோ. மழை மேலாலதான் ஊறியிருக்கும், உள்ள காய்ஞ்சிருக்கும். அடியில சிரட்டையும் பனங்கொட்டை ஊமலும் போடுங்கோ. அடுப்பை அடைக்காதேங்கோ, காத்துப் போகவேணும்.

பெரியம்மா: வற்றாப்பளைக் கோயில்ல அம்மாளுக்கு உப்புத்தண்ணியில விளக்கு எரியுதே. அது எப்பிடி?

சிவம் மாமா: அது அம்மாளின்ர பாடு அக்கா. அதில நான் வாய் வைக்கேல்லை.

கனடா மாமா: பொருளாதாரத் தடைக் காலத்து ஜாம் போத்தல் விளக்கு ஞாபகம் வருது. அடியில பஞ்சு, ஒரு சொட்டு மண்ணெண்ணெய். அதில படிச்சுத்தானே சோதினை எடுத்தனாங்கள்

சிவம் மாமா: ஓமடா. அந்த மஞ்சள் வெளிச்சம் எரிஞ்சு முடியாத கரித்தூள் சூட்டில ஒளிருறது. கரண்டியைப் பிடிச்சா அப்பிடியே கரி படியும். காஸில காத்து முன்னமே கலந்து போறதால நீலமா எரியும், சட்டியும் கறுக்காது.

பெரியம்மா: மூக்கெல்லாம் கரி அப்ப

தேவி அக்கா: சாரல் அடிக்குது. அடுப்பை முன்அறைக்குள்ள மூட்டட்டோ? அம்மம்மாக்குக் குளிர் எண்டு தணல் சட்டியும் அறைக்குள்ளதான் இருக்கு

சிவம் மாமா: தேவி, தணல் சட்டியை இப்பவே வெளியால எடு!! காத்துக் காணாட்டித் தணலால காபனோரொட்சைட்டு எண்ட நச்சு வாயு வரும். மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரையிலயே ஆளை முடிச்சிடும்.

சிவம் மாமா: எடுத்தாச்சோ?

சிவம் மாமா: தேவி??

தேவி அக்கா: எடுத்தாச்சு. யன்னலும் திறந்தாச்சு. அம்மம்மா ஏசுறா

சிவம் மாமா: ஏசட்டும். ரெண்டு போர்வை போடுங்கோ. அடுப்பைக் கொட்டிலுக்குள்ள வையுங்கோ, ரெண்டு பக்கமும் திறந்தபடி.

சுகி: ஒட்டுசுட்டான் அண்ணை காய்ஞ்ச பாலை விறகு தாறாராம். ஆர் போய் ஏத்துறது?

குகன்: நாளைக்கு நான் பசளை எறியவேணும்

தேவி அக்கா: தறப்பாளையாவது கொண்டு வா

கனடா மாமா: அப்ப காஸ் வேண்டாமோ?

பெரியம்மா: வாழைக்காய் ஆர் வாங்கிறியள்?